சீல் அக்காவின் பச்சை அம்பு

துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்குப் பெட்டி ஏற்றி அனுப்புகிற எங்கள் யார்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இல்லை. செய்கிற வேலைதான் பெயர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் கொம்பன், வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு இரும்புக் கொம்புகளால் வந்த பெயர். ஆபீசில் திரையைப் பார்த்தபடி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருக்கிற பெரியவர் கம்ப்யூட்டர் சார். கூட்டிப் பெருக்கி டீ போடுகிற நான் டீ அக்கா. கண்டெய்னர் பெட்டிகளுக்குச் சீல் போடுகிறவள் சீல் அக்கா. என்னைவிட ஏழு வயது சின்னவள் என்பதால் எனக்கு மட்டும் சீலு.

அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன்.

"எழுதுக்கா. என் தப்பையும் விடாம எழுது" என்றாள்.

அவள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் சரக்கு ஏற்றி முடித்ததும் கதவைச் சாத்துவாள். தாழ்ப்பாள் ஓட்டையில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு ஆணியைச் செருகி, கீழே அதன் மூடியை வைத்து அழுத்துவாள். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இனி அதை வெட்டித்தான் எடுக்க முடியும். ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். ஆணியில் பொறித்திருக்கிற எண்ணை இரண்டு தரம் சத்தமாகச் சொல்வாள். கம்ப்யூட்டர் சார் திருப்பிச் சொல்வார். கடைசியில் உள்ளங்கையால் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "பத்திரமாப் போய்ச் சேரு" என்பாள்.

கொம்பன் சும்மா இருப்பானா? "அக்கா, உள்ள இருக்கிறது சட்டைத் துணி. அதுக்குக் காது கேக்காது."

"உனக்குக் கேக்குதுல்ல? அது போதும். வண்டியப் பாத்து ஓட்டு."

அவள் அப்படித் தட்டுவது எனக்குப் பிடிக்கும். யாருக்கோ போகிற பொருளுக்கு யாரோ ஒருத்தி ஒரு வேண்டுதல் வைத்து அனுப்புகிறாள். கடவுள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமலா இருப்பார்?

அவள் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கல்யாணத்தின்போது ஓட்டலில் அடுப்படியில் இருந்தார். அப்புறம் கப்பலுக்குப் போனார். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். பதினோரு வருஷமாக அப்படித்தான். பிள்ளை இல்லை. வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். சீலு படித்தது ஐந்தாம் வகுப்பு, நானும் அதேதான். ஆனால் கப்பல் போகிற வழிகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு எங்கள் மேனேஜருக்கே தெரியாது.

அது ஆசையில் படித்த படிப்பு இல்லை. பயத்தில் படித்தது. கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷத்தில் இருக்கும், அவர் இருந்த கப்பல் ஒரு கால்வாய்க்கு வெளியே பன்னிரண்டு நாள் நின்றுவிட்டது. முன்னால் போன ஏதோ கப்பல் வழியை மறித்துக்கொண்டதாம். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கப்பல் என்றால் கடலில் எந்தப் பக்கமும் போகலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போகிற சரக்கெல்லாம் நாலைந்து ஒடுக்கமான வாசல் வழியாகத்தான் நுழைந்து வெளியேற வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அந்த வாசல்களில் ஒன்று அடைத்தாலும் தன் வீட்டுக்காரர் வெளியே நிற்பார் என்பதும் புரிந்தது.

அன்றிலிருந்து தேட ஆரம்பித்தாள். டீக்கடையில் பழைய பேப்பரை வாங்கி வந்து துறைமுகம், கால்வாய், கப்பல் என்று எந்தச் செய்தி இருந்தாலும் வெட்டி வைப்பாள். கப்பல் கம்பெனிகள் அனுப்புகிற அறிவிப்புகளைக் கம்ப்யூட்டர் சார் அச்செடுத்துச் சுவரில் குத்துவார். அவை ஆங்கிலத்தில் இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை அவரிடம் கேட்டுக் கேட்டு ஊர்ப் பெயர், தேதி, 'தாமதம்', 'மாற்றுவழி' என்பதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுபிடிக்கப் பழகிவிட்டாள். கப்பல்காரர்களின் மனைவிமார் எழுபது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் இருந்தாள். அதில் உண்மையும் வரும், புளுகும் வரும், நடுவில் தூக்கம் வராமல் அழுகிற குரலும் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே போனில் ஓர் ஆப் உண்டு. உலகத்தில் ஓடுகிற கப்பலெல்லாம் அதில் குட்டிக் குட்டி அம்பாகத் தெரியும். பெட்டி ஏற்றுகிற கப்பல் என்றால் பச்சை. அவர் கப்பலின் பச்சை அம்பைத் தொட்டு மாமியாரிடம் காட்டுவாள்.

"இதுக்குள்ளதான் என் பிள்ளை வெங்காயம் உரிக்கிறானா?" என்று கிழவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பார்.

"ஆமா அத்தை."

"கொஞ்சம் பெருசாக்கு, முகம் தெரியுதான்னு பாப்போம்."

பீரோக் கதவின் உட்பக்கம் ஒரு கப்பல் கம்பெனி காலண்டரின் உலகப் படம் ஒட்டியிருந்தாள். அதில் நூலை வைத்து வழியை அளப்பாள். ஒடுக்கமான கடலுக்குள் புகுந்து போகிற குறுக்குவழி ஒரு சாணும் நாலு விரலும். பெரிய கண்டத்தின் அடிக்கால் வரை இறங்கிச் சுற்றிக்கொண்டு போகிற வழி இரண்டு சாண். தரைமேலே ரயில் வழி ஒன்றும் உண்டு. நாலு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கி, புதிதாகச் சரக்கு ரயில் பாதை போடப் போகிறோம் என்று பேப்பரில் படம் வந்தால் அன்றைக்கு அவள் முகம் மலர்ந்திருக்கும்.

"அவ்வளவு தூரம் ரயில்லயே போகலாம்னா எதுக்குடி என் பிள்ளையத் தண்ணியில விட்டிருக்கே?" என்பார் மாமியார்.

"நானா விட்டேன்? உங்க பிள்ளைதானே போனாரு."

"ரயில்ல சமையல் வேலை இருக்கான்னு விசாரி."

"சரக்கு ரயில் அத்தை அது. பெட்டியா சாப்பிடும்?"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீடுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குறுக்குவழிக் கடலில் கெட்ட காலம் ஆரம்பித்தது. கரையில் யார் யாருக்கோ சண்டை, நடுவில் போகிற சரக்குக் கப்பல்களின் மேல் குண்டு விழுந்தது. சில கம்பெனிகள் சுற்றுவழியில் திரும்பின. சில, கொஞ்சம் அமைதியானதும் மறுபடி குறுக்கே போயின. எந்தக் கப்பல் எந்த வழியில் போகும் என்பது கடைசி நேரம் வரைக்கும் தெரியாது. சீலுவின் பயம் அதற்கப்புறம் ஒரு நாளும் அவளை விட்டு இறங்கவில்லை. டீ டம்ளரைப் பிடித்திருக்கும்போதுகூட இன்னொரு கையில் போன் இருக்கும்.

அந்த நேரத்தில்தான் அவர் கப்பல் எங்கள் ஊர்த் துறைமுகத்துக்கே வந்தது. ஆறே மணி நேரம்தான் நின்றது. உள்ளே போக அனுமதிச் சீட்டுக் கிடைக்கவில்லை, அவராலும் இறங்க முடியவில்லை. மதில் சுவருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். ஆனால் எங்கள் யார்டிலிருந்து பதினோரு பெட்டிகள் அந்தக் கப்பலில் ஏறின. பதினொன்றுக்கும் சீல் போட்டது அவள் கை. அன்றைக்குக் கதவில் இரண்டு தட்டுக்குப் பதிலாக நாலு தட்டுத் தட்டினாள். கொம்பன்கூட வண்டியை நிறுத்தி, அவள் தட்டி முடிக்கக் காத்திருந்தான்.

நாலு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மேல்தளத்தில், அடுக்கின் கீழ் வரிசையில் ஒரு சிவப்புப் பெட்டி. கதவில் சீல். எண் தெளிவாகத் தெரிந்தது. 'உன் கைவேலை என் அடுப்படிக்குப் பக்கத்துலயே இருக்கு. தினமும் தொட்டுட்டுப் போறேன்' என்று எழுதியிருந்தார்.

அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அவளுக்கு அதற்கப்புறம் பெட்டி வேறு, அவர் வேறு இல்லை. கம்ப்யூட்டரில் அந்தச் சீல் எண்ணைப் போட்டால் பெட்டி எங்கே இருக்கிறது என்று காட்டும். கடலுக்கு நடுவே பச்சை அம்பு அசையாமல் நின்றுவிடுகிற நாட்களில், "சார், நம்ம பெட்டி எங்க இருக்குன்னு பாருங்களேன்" என்று போய் நிற்பாள். அவரும் சலித்துக்கொள்ளாமல் பார்த்துச் சொல்வார்.

அடுத்து கப்பல் போய் நின்றது ஒரு பெரிய இடைத் துறைமுகம். அங்கிருந்து அவர் போன் செய்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இந்தா பாரு, கேப்டன் ஒரு பேப்பர் குடுத்திருக்காரு" என்றார். "குறுக்கு வழியில போனாலும் போகலாமாம். கம்பெனி இன்னும் முடிவு சொல்லலை. போக விருப்பமில்லாதவங்க இங்கயே இறங்கிக்கலாம், கம்பெனியே ஊருக்கு அனுப்பிடும். நாளன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லணும்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எனக்கென்ன தெரியும்? அடுப்படியில நியூஸா வருது? இறங்கினா அடுத்த கப்பல் எப்பக் கூப்பிடுவாங்களோ. அதவிட, இங்க இருபத்தோரு பேரு இருக்காங்க. சோறு யாரு வைப்பா? நீதான் எல்லாம் பாக்கிறியே. நீ இருங்கன்னா இருக்கேன், இறங்குங்கன்னா இறங்குறேன்."

போனை வைத்ததும் அவள் கையைப் பார்த்தேன். சோற்றுக் கை அப்படியே காய்ந்துபோயிருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் அவள் படித்த படிப்பைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள்கூடப் படித்திருக்க மாட்டார்கள். பேப்பரில் ஒரு மூலையில் 'அமைதி திரும்புகிறது' என்றிருந்தது. இன்னொரு பேப்பரில் 'எச்சரிக்கை' என்றிருந்தது. குழுவில் ஒருத்தி, தன் வீட்டுக்காரர் போன வாரம்தான் அந்தக் கடலைத் தாண்டினார், ஒன்றுமில்லை என்றாள். இன்னொருத்தி, யாரும் போகாதீர்கள் என்று அழுதாள். மத்தியான ரேடியோச் செய்தி ஒன்று சொன்னது, சாயங்காலச் செய்தி வேறு சொன்னது.

"அக்கா, நீ கும்பிடுறவதானே, உனக்கு ஏதாவது தோணுதா?" என்று என்னைக் கேட்டாள்.

"எனக்கு என்னம்மா தோணும்? நல்ல புத்தி குடுன்னு கேட்டுக்கிறேன்" என்றேன். கேட்டும் கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கம்ப்யூட்டர் சாரிடம் போனாள்.

"சார், நம்ம பெட்டி எப்பப் போய்ச் சேரும்னு போட்டிருக்கா?"

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "போட்டிருக்கும்மா. அடுத்த மாசம் இருபத்தெட்டு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். முப்பத்தெட்டு நாள். அங்கிருந்து குறுக்குவழி என்றால் இருபது நாள் சொச்சம்தான். முப்பத்தெட்டு என்றால் சுற்றிக்கொண்டு போகிறது என்றுதானே அர்த்தம்? கம்பெனி அவர்களிடம் சொல்லாவிட்டால் என்ன, கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார்களே!

ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூன்று நாளில் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. உடனே அவருக்குக் குரல் செய்தி போட்டாள். என் காதால் கேட்டது, அப்படியே சொல்கிறேன்:

"நான் நல்லாப் பாத்துட்டேங்க. பயப்படாதீங்க. இறங்க வேண்டாம், இருங்க. ஒண்ணும் ஆகாது."

எதைப் பார்த்தாள் என்று சொல்லவில்லை. சந்தோஷத்தில் தோன்றவில்லை. அவரிடமிருந்து 'சரி' என்று ஒரே வார்த்தை வந்தது.

மறுநாள் சாயங்காலம் கப்பல் கிளம்பியது. அதற்கு மறுநாள் காலை, நான் டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது சிரித்தபடி போனை நீட்டினாள். கரையோர சிக்னல் அறுகிறதற்குள் அவர் அனுப்பிய போட்டோ. மேல்தளம் அதேதான். ஆனால் சிவப்புப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. 'நம்ம பெட்டிய அந்தத் துறைமுகத்துலயே இறக்கிட்டாங்க. காலையில தொடலாம்னு போனேன், காணோம். என்னவோ மாதிரி இருக்கு' என்று எழுதியிருந்தார்.

"பாருக்கா, பெட்டியக் காணோம்னு ஏங்குறாரு. சின்னப் பிள்ளை மாதிரி" என்று சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. டம்ளரைக் கீழே வைத்தாள். வைக்கும்போதே சாய்ந்தது. அதைப் பார்க்காமல் ஆபீசுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"சார், பெட்டிய ஏன் இறக்கினாங்க?"

கம்ப்யூட்டர் சார் எண்ணைத் தட்டினார். "இது வழக்கம்தாம்மா. பெரிய துறைமுகத்துல இறக்கி வைப்பாங்க. வேற கப்பல் வந்து எடுத்துட்டுப் போகும். பாரு, ரெண்டு வாரத்துக்கு மேல அங்கயே கிடக்கப் போகுது. அதனாலதான் இருபத்தெட்டாம் தேதி ஆகுது."

"அப்ப அவர் கப்பல்?"

"எந்தக் கப்பல்?"

"நம்ம பெட்டியக் கொண்டு போன கப்பல் சார்!"

அவர் வேறு பக்கத்தைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறுக்கு வழிதாம்மா போட்டிருக்கு" என்றார். "நீ பெட்டியத்தானே கேட்டே. கப்பலக் கேக்கலியே."

பதினோரு வருஷமாகச் சீல் போடுகிறவள். பெட்டி எங்கள் கேட்டைத் தாண்டினால் அவ்வளவுதான், அதன் பிறகு அது எத்தனை கைமாறும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருந்ததில்லை. கதவு திறக்கவில்லையா, சீல் உடையவில்லையா, அதுதான் எங்கள் வேலை. வேறு யாராவது இருந்தால் கப்பல் எங்கே என்று கேட்டிருப்பார்கள். இவள் சீலைப் பின்தொடர்ந்தாள்.

உடனே போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. 'இறங்கிடுங்க' என்று எழுதி அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது. நடுக்கடலில் எங்கே இறங்குவது? அது தெரிந்தும் அனுப்பினாள். கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்தாள். பாதுகாப்புக்காகக் கப்பலில் நெட்டை நிறுத்திவிட்டார்களாம், செய்தி எதுவும் கொடுக்க முடியாதாம்.

"நான்தானேக்கா இருங்கன்னு சொன்னேன்" என்றாள். "அவர் கேட்டாருக்கா. இறங்கட்டுமான்னு வாயத் திறந்து கேட்டாரு. நான்தானே இருங்கன்னேன்."

முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அடுத்த எட்டு நாளும் பச்சை அம்பு அந்த வாசலைப் பார்த்து நகர்ந்துகொண்டே இருந்தது. நின்றால் பயம், நகர்ந்தால் அதைவிடப் பயம். அவள் பீரோக் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள். மாற்றுச் சேலையை வெளியே கொடியிலிருந்தே எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் என்னிடம் போனை நீட்டினாள். அம்பு கடலில் இல்லை. தரைமேல் இருந்தது. பாலைவனத்துக்கு நடுவே, தண்ணீரே இல்லாத இடத்தில், மணிக்குப் பதினொரு மைல் வேகத்தில் போகிறது என்று காட்டியது.

"கப்பல் எப்படிக்கா தரையில போகும்?"

கம்ப்யூட்டர் சார் விளக்கினார். சண்டை நடக்கிற இடத்தில் யாரோ சிக்னலைக் குழப்பி விடுவார்களாம், கப்பல் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டுமாம். "அப்படின்னா நிஜமா எங்க இருக்கு சார்?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அது யாருக்கும் தெரியாதாம். அதற்குத்தானே குழப்புகிறார்கள்.

மத்தியானம் அம்பு அணைந்தே போய்விட்டது.

மறுநாள் குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. அந்தக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் தீப்பிடித்து எரிகிறதாம். பெயர் தெரியவில்லை. ஒருத்தி எண்ணெய்க் கப்பல் என்றாள், ஒருத்தி பெட்டிக் கப்பல் என்றாள். டீ ரூம் டிவியில் தூரத்தில் கறுப்புப் புகை காட்டினார்கள். சீலு திரைக்கு அருகில் போய், புகைக்குக் கீழே பெட்டி அடுக்கு தெரிகிறதா என்று தேடினாள். கொம்பன் எழுந்து டிவியை அணைத்துவிட்டான். அவள் மறுபடி போட்டாள். அவன் மறுபடி அணைத்தான்.

அன்றைக்குத்தான் முதன்முறையாக வேலையில் தவறினாள். தப்பான பெட்டிக்குச் சீல் போட்டுவிட்டாள், பாதிச் சரக்குகூட ஏறாத பெட்டி. எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். சொன்னது கையிலிருந்த சீலின் எண் இல்லை. அந்தச் சிவப்புப் பெட்டியின் சீல் எண். கம்ப்யூட்டர் சார் திருப்பிச் சொல்லவில்லை. பேனாவைப் பிடித்தபடியே நின்றார். கொம்பன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, நீளப் பிடி வைத்த கத்திரியால் ஆணியை வெட்டி எடுத்து, "புதுசு ஒண்ணு போடுங்கக்கா, மெதுவா" என்றான். மேனேஜரிடம் யாரும் சொல்லவில்லை.

வீட்டில் மாமியார் அம்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆப் பழுதாகிவிட்டது என்று சீலு சொல்லி வைத்திருந்தாள். அம்பு அணைந்த மூன்றாம் நாள் கிழவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டாராம்.

"எனக்குக் கண்ணுதான் மங்கல். காது நல்லாத்தான் இருக்கு. குளியலறையில போய் அழுதா தண்ணிச் சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சியா? சொல்லுடி, என் பிள்ளை எங்க?"

"தெரியல அத்தை."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போ. பக்கத்துல உக்காரு. ரெண்டு பேருமாத் தெரியாம இருப்போம்."

அந்த நாலு நாளும் பெருக்குமாற்றை எடுக்கும்போது ஒரு தரம், வைக்கும்போது ஒரு தரம் வேண்டிக்கொண்டேன். ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். எரிகிற கப்பல் வேறு கப்பலாக இருக்கட்டும் என்று வேண்டினேன். வேண்டி முடித்ததும் உடம்பு கூசியது. வேறு கப்பலிலும் மனுஷர்கள்தானே இருப்பார்கள். அதற்கப்புறம் எப்படி வேண்டுவது என்று தெரியாமல் வெறுமனே கண்ணை மூடி நின்றேன்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி. ஒரு பெட்டிக்கு எண் சொல்லிக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"கேக்குதா? நான்தான். தாண்டிட்டோம். அந்தப் பக்கத்து முதல் துறைமுகத்துல நிக்கிறோம்."

சீலு அப்படியே பெட்டிக் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர்தான் பேசினார். மூன்று நாள் ஜன்னலெல்லாம் மூடி, எல்லோரும் இன்ஜின் ரூமுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார்களாம். ரொட்டியும் ஜாமும்தான். முன்னால் போன கப்பலில் தீ எழுந்ததைப் பார்த்தார்களாம்.

"நீங்க குறுக்கு வழின்னு எப்பத் தெரியும்?" என்று கடைசியில் கேட்டாள்.

"கிளம்புற அன்னைக்குக் காலையிலயே கேப்டன் சொல்லிட்டாரே. இன்னும் ஒரு தடவை கேக்குறேன், இறங்குறவங்க இறங்கலாம்னாரு. மூணு பேரு இறங்கினாங்க."

"நீங்க ஏன் இறங்கல?"

"நீதானே நல்லாப் பாத்துட்டேன், இருங்கன்னே? கேப்டனுக்கே தெரியாத ஏதோ உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். அந்த ரூம்ல எல்லாரும் நடுங்குறாங்க, நான் தைரியமா உக்காந்திருந்தேன். என் வீட்டுக்காரி பாத்துட்டா, ஒண்ணும் ஆகாதுன்னு அவங்களுக்கும் சொன்னேன்."

கம்ப்யூட்டர் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, கேளு" என்றார் அவர். "திரும்பி வர்றதும் இதே வழிதானாம். இங்க பத்து நாள் நிக்கிறோம். நீ பாத்துச் சொல்லு, என்ன செய்யட்டும்?"

அவள் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தாள். தாண்டித்தான் விட்டாரே, இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் தப்பாப் பாத்துட்டேங்க. பெட்டியப் பாத்துட்டு உங்களப் பாத்ததா நினைச்சிட்டேன். அது சுத்தி வருதுன்னு நம்பித்தான் இருங்கன்னேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது. இத்தனை வருஷம் படிச்சது எல்லாம் சேத்து, எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்படியா" என்றார் அவர். குரல் மாறியிருந்தது. மூன்று நாள் பயப்படாமல் உட்கார்ந்திருந்த மனுஷருக்கு இப்போதுதான் பயம் வந்தது. "அப்படியா... அப்ப என்ன செய்ய?"

"இறங்கிடுங்க."

"சோறு யாரு வைப்பா?"

"அவங்களையும் இறங்கச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டாள்.

அவர் இறங்கினார். அந்தப் போன் வந்த பதினேழாம் நாள் பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். பாதி ஆளாக இளைத்திருந்தார். மற்றவர்கள் இறங்கவில்லை. கம்பெனி வேறொரு சமையல்காரரை அனுப்பியது. இருபத்தெட்டாம் தேதி வந்ததும் கம்ப்யூட்டர் சார் மறக்காமல் கூப்பிட்டு, "சிவப்புப் பெட்டி போய்ச் சேந்துடுச்சும்மா, சீல் உடையாம" என்றார். "அதுக்கென்ன சார், அது பெட்டி" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

போன வாரம் விடுமுறை நாளில் அவர்களைப் பார்க்கப் போனேன். பகல் பன்னிரண்டு மணிக்கு அடுப்பு எரியவில்லை. வெங்காயம் பாதி உரித்தபடி கிடந்தது. அவரும் சீலுவும் தரையில் உட்கார்ந்து ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீரோக் கதவு திறந்திருந்தது, படத்தில் நூல் தொங்கியது. அவர் இருந்த கப்பல் மறுபடியும் அந்த வாசலுக்குள் நுழைகிறதாம்.

"சின்ன இன்ஜினியருக்குக் காரம் ஆகாதுக்கா" என்றார் என்னிடம், கண்ணை எடுக்காமல். "வயிறு கெட்டுடும். புதுசா வந்தவன்கிட்ட அதச் சொல்லாம வந்துட்டேன்."

கட்டிலில் படுத்திருந்த அவர் அம்மா தலையைத் தூக்கினார். "பிள்ளைதான் வீட்டுல இருக்கானே. இப்ப யாரு வர்றான்னு ரெண்டு பேரும் பாக்குறீங்க?"

"என் ஆளுங்கம்மா" என்றார்.

கிழவி கட்டிலிலிருந்து கீழே இறங்கி, அவர்களுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். நானும் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பச்சை அம்பு ஒருமுறை தரைமேல் ஏறியது, பிறகு அணைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சீலு உள்ளங்கையால் போனின் பின்பக்கத்தை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினாள்.